கேட்ட தாய், கண்ட தாய்: பிள்ளைகள் வீடு நீங்கும்போது தாய் கொள்ளும் பெருமிதம்

1. கேள்வி

பிள்ளை வளர்ந்து வீட்டை விட்டுப் போகும்போது தாய் கொள்ளும் பெருமிதம் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினால் இரண்டு சான்றுகள் உடனே முன்வந்து நிற்கும். ஒன்று திருக்குறளின் 69ஆம் குறள். மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய், அவனைப் பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள் என்கிறது அது. மற்றது புறநானூற்றின் மறக்குடித் தாய். ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறவள் அவள். மேடைப் பேச்சும் பட்டிமன்றமும் பாடநூலும் இவ்விருவரையும் திரும்பத் திரும்ப எடுத்தாண்டதில், தமிழ்த் தாயின் பெருமிதம் இன்னதென்று எப்போதோ முடிவு செய்யப்பட்டுவிட்டதைப் போன்ற தோற்றம் உண்டாகியிருக்கிறது.

அந்த முடிவை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. ஒருவரை எண்ணிப் பெருமிதம் கொள்வது அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுமாகும். இவன் தேறிவிட்டான், இவள் நிமிர்ந்துவிட்டாள் என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் தாய்க்கு எப்படிக் கிடைக்கிறது? தானே பார்த்தாளா, பிறர் சொல்லக் கேட்டாளா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பழைய பாடல்களை வாசித்தால், அவற்றுக்குள் ஒன்றோடொன்று உடன்படாத இரண்டு தாய்மார் தெரிகிறார்கள். நாம் அதிகம் கொண்டாடியவளைவிடக் குறைவாகப் பேசியவளே இன்றைய வீடுகளுக்கு நெருக்கமானவள் என்பது என் துணிபு.

2. குறளும் உரையும்

69ஆம் குறள் தனியாக நிற்கவில்லை. அதே அதிகாரத்தில் 67ஆம் குறள் தந்தையின் கடமையைச் சொல்கிறது: மகனை அவையில் முந்தியிருக்கச் செய்ய வேண்டும். 70ஆம் குறள் மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாற்றைச் சொல்கிறது. தந்தை செய்கிறார், மகன் திருப்பிச் செய்கிறான். நடுவில் தாய்க்கு உள்ள வினை கேட்பதும் மகிழ்வதும்தான்.

இதற்குப் பரிமேலழகர் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. பெண் தன் இயல்பால் தானாக அறிய மாட்டாள், அதனால்தான் அவள் கேட்டதாகச் சொல்லப்பட்டது என்பது அவர் கருத்து. அவருக்கு முற்பட்ட மணக்குடவரின் உரையில் இந்தக் காரணம் இல்லை. குறளுக்குள்ளும் இல்லை. மகன் சான்றோன் என்று அறியப்படும் இடம் அவை. அந்த அவையில் பெண்ணுக்கு இடமில்லை. அவள் கேட்டுத்தான் அறிய முடியும் என்ற நிலை அவை அமைந்த விதத்தால் வந்தது. உரையாசிரியரோ அதை அவளுடைய அறிவின் குறையாக மாற்றிவிட்டார். பரிமேலழகரின் உரை பல நூற்றாண்டுகளாகக் குறளைக் கற்பிக்கும் முதன்மை வழியாக இருந்ததால் இந்த மாற்றம் சிறியதன்று. பிள்ளையின் தகுதியை ஊர் சொல்லும், தாய் அதைக் கேட்டு மகிழ்வாள் என்ற ஏற்பாட்டுக்கு அது இலக்கண பலம் கொடுத்துவிட்டது.

இன்றும் ஒரு பிள்ளை வேலைக்குப் போனதும் அக்கம்பக்கத்தார் வந்து, “உன் பையன் நல்லா வந்துட்டான்மா” என்று சொல்லும்போதுதான் அந்தத் தாய் தன் மகிழ்ச்சியை வெளியே காட்ட உரிமை பெறுகிறாள். அதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தாலும் தானாகச் சொன்னால் கண்ணேறு படும் என்ற அச்சம் வாயைக் கட்டுகிறது.

3. களத்தில் தேடும் தாய்

புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் அச்சேற்றினார். அதன் பிறகே மறக்குடித் தாய் பரவலான வாசகர்களின் முன் வந்தாள். பிறகு தேசிய இயக்கம், திராவிட இயக்கம் இரண்டும் அவளைத் தமக்குரியவளாக்கிக்கொண்டன. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சங்கப் புறப்பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு, ஒரு வீரயுகத்தின் மரபுகளாக விளக்கினார். அந்த விளக்கம் பாடல்களை வரலாற்றில் பொருத்தியது. ஆனால் பாடலுக்குள் தாய் எங்கே நிற்கிறாள், யார் பேசுகிறார் என்பதை மரபு என்ற பொதுச் சொல் மறைத்தும்விடுகிறது. இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடலில் முந்தைய போரில் தகப்பன் விழுந்தான், அடுத்ததில் கணவன் விழுந்தான். இன்று பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேல் கொடுத்து அனுப்புகிறாள் ஒருத்தி. இவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசுவது அவளைப் பார்த்து நிற்கும் கவிஞர். அவருடைய முதல் சொற்களில் வாழ்த்து இல்லை. இவள் சிந்தை கெடட்டும் என்று சபிப்பதைப் போன்ற அதிர்ச்சியோடுதான் பாடல் திறக்கிறது. வியப்பும் நடுக்கமும் பிரிக்க முடியாமல் கலந்த குரல் அது. மேடைகள் நடுக்கத்தை உதறிவிட்டு வியப்பை மட்டும் எடுத்துக்கொண்டன.

பொன்முடியாரின் 312ஆம் பாடல் இன்னும் பரவலானது. பெறுவது தாய்க்கும், சான்றோனாக்குவது தந்தைக்கும், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கும் கடன் என்று அடுக்கிக்கொண்டே வந்து மகனின் கடமையில் முடிகிறது. அந்தக் கடமைக்கு இரண்டு பாதிகள் உண்டு. களிற்றை வீழ்த்துவது முதல் பாதி. திரும்பி வருவது இரண்டாவது. பேசும் தாய் மகனின் சாவைக் கேட்கவில்லை, அவன் மீண்டு வருவதையும் அவன் கடமைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். தியாகத்தின் பாடலாக இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள் இந்த இரண்டாம் பாதியை உரிய அழுத்தத்தோடு வாசிக்கவில்லை.

காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாடல்தான் நம் கேள்விக்கு மையமானது. நரம்பெழுந்து தோள் மெலிந்த முதியவள் அவள். மகன் புறங்காட்டினான் என்று பலர் சொல்லக் கேட்கிறாள். குறளின் தாய் நற்செய்தி கேட்டவள், இவளோ கெட்ட செய்தி கேட்டவள். ஆனால் கேட்டதோடு இவள் நிற்கவில்லை. அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்கே போகிறாள். கிடக்கும் உடல்களைப் புரட்டிப் பார்க்கிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டபோது, பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். குறளில் வரும் அதே ஒப்பீடு இங்கும் இருக்கிறது. வேறுபாடு ஆதாரத்தில்தான். ஊரின் சொல் பொய் என்பதை இவள் தன் கண்ணால் நிறுவுகிறாள். பெண் தானாக அறியமாட்டாள் என்ற உரை விளக்கத்துக்கு மிகப் பழைய மறுப்பு ஒன்று தேவையானால் அது இந்தப் பாடலில் இருக்கிறது.

இந்த மகிழ்ச்சிக்குப் பாடலைத் தொகுத்தோர் கொடுத்த துறைப் பெயர் உவகைக் கலுழ்ச்சி. பூங்கணுத்திரையாரின் 277ஆம் பாடலுக்கும், இறந்த மகனைக் கண்டு வற்றிய முலையில் பால் சுரந்ததாகச் சொல்லும் ஔவையாரின் 295ஆம் பாடலுக்கும் அதே துறைதான். கலுழ்தல் என்றால் அழுதல். இந்தத் தாய்மார் அழுதார்கள் என்பது துறை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கண்ணீர் சிந்தாத வீரத்தாய் பிற்காலத்தின் ஆக்கம்.

காவற்பெண்டின் 86ஆம் பாடல் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. போர், பறை, பிணம் எதுவும் கண்முன் இல்லை. யாரோ ஒருவர் சிறிய வீட்டின் தூணைப் பற்றிக்கொண்டு நின்று, உன் மகன் எங்கே என்று கேட்கிறார். எங்கே இருக்கிறானோ எனக்குத் தெரியாது என்கிறாள் தாய். புலி கிடந்துவிட்டுப் போன மலைக்குகையைப் போல அவனைச் சுமந்த வயிறு இதோ இருக்கிறது, அவன் களத்தில் எங்காவது தென்படுவான் என்கிறாள். இதற்கும் வாகைத் திணை வகுத்து மறத்தின் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு இது வளர்ந்த பிள்ளையின் தாய் பேசும் மிக நேரான சொல்லாகவே படுகிறது. அவள் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. தெரியாது என்பதைக் குறைவாகவும் எண்ணவில்லை. குகை புலியை உண்டாக்குவதில்லை, இருக்க இடம்தான் கொடுக்கிறது. தான் ஆக்கியவன் என்ற உரிமையைக் கோராமலே ஒருத்தி பெருமிதம் கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பழந்தமிழில் நான் அறிந்தவரை இல்லை.

4. சுரம் கடந்து சென்ற கண்

மகன் களத்துக்குப் போகிறான் என்றால் மகள் காதலனோடு பாலைநிலம் கடந்து போகிறாள். உடன்போக்குக்குப் பின் தாய் புலம்பும் பாடல்கள் அகத்தொகைகள் எல்லாவற்றிலும் உண்டு. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் இதற்கென்றே ஒரு பத்துப் பாடல்களை ஒதுக்கியிருக்கிறார். ஆனால் மகள் போனபின் தாய் என்ற ஒருத்தி இரண்டாகப் பிரிகிறாள் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. பெற்ற நற்றாய் வீட்டில் இருக்கிறாள். வளர்த்த செவிலி வெயிலில் தேடிப் போகிறாள். பிறகு மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்து சொல்பவளும் அவளே. காணும் உரிமை செவிலிக்கு, கேட்கும் நிலை நற்றாய்க்கு. களத்தில் வாளோடு போனவளின் கண் அகத்தில் செவிலிக்கு வாய்த்திருக்கிறது.

அவள் என்ன கண்டாள்? கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167ஆம் பாடல் மிகச் சிறியது. மகள் முற்றிய தயிரைக் கையால் பிசைகிறாள், கையை உடுத்திய துணியில் துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது, தானே துழாவி ஆக்கிய புளித்த குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான். அப்போது அவள் முகத்தில் நுட்பமாக ஒரு மகிழ்ச்சி படர்ந்ததாம். நுட்பமாக என்ற இடத்தில்தான் வளர்த்தவள் தெரிகிறாள். கணவன் குழம்பைப் பார்க்கிறான், செவிலி முகத்தைப் பார்க்கிறாள். அந்த முகத்தைக் குழந்தையிலிருந்து படித்தவளுக்கு அன்றி வேறு யாருக்கும் அது புலப்பட்டிருக்காது.

நற்றிணை 110ஆம் பாடலில் போதனார் இன்னும் ஆழமாகப் போகிறார். பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்தி, பூச்சுற்றிய கோலை ஓங்கி, குடி என்று செவிலியர் கெஞ்சினால், மாட்டேன் என்று பந்தலைச் சுற்றி ஓடி அவர்களை இளைக்க வைத்த சிறுமி அவள். இன்று கணவன் குடி வறுமையுற்றபோது தன் தந்தை வீட்டுச் செழுஞ்சோற்றை நினைக்கவும் இல்லை, ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்டு காலம் கழிக்கிறாள். இவளுக்கு இந்த அறிவும் ஒழுக்கமும் எங்கிருந்து வந்தன என்று வளர்த்தவள் திகைக்கிறாள்.

இந்தப் பாடலை எந்தத் தடையும் இல்லாமல் என்னால் கொண்டாட முடியவில்லை. பெண் பட்டினி கிடப்பதைப் பண்பாக்கும் பார்வை இதில் இருக்கிறது. புகுந்த வீட்டில் பொறுத்துப்போவதே பெண்ணுக்கு அழகு என்ற பிற்கால நீதிக்கு இதை முன்னோடியாக எடுத்துக்கொள்ளவும் முடியும். ஆயினும் பாடலின் உணர்ச்சி அந்த நீதியில் அடங்கிவிடவில்லை. நான் கற்பித்தது, என் வளர்ப்பு என்று அவள் சொல்லவில்லை. கற்பிக்காதது ஒன்று மகளிடம் முளைத்திருப்பதைப் பார்த்தே அவள் வியக்கிறாள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்கே உதவுகிறது. எட்டு மெய்ப்பாடுகளில் பெருமிதத்துக்கு அது தரும் நிலைக்களன்கள் நான்கு: கல்வி, தறுகண், இசைமை, கொடை. நான்கும் ஒருவர் தன்னிடத்தே கொண்டிருப்பவை. பிள்ளையின் உயர்வைக் கண்டு தாய் கொள்ளும் உணர்ச்சிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மருட்கைக்கோ புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கைச் சொல்கிறது. ஒன்று இன்னொன்றாக ஆகி நிற்பதைக் கண்டு மலைப்பது ஆக்கத்தில் பிறக்கும் மருட்கை. பால் குடிக்க மறுத்து ஓடிய சிறுமி தன் மானம் காக்கும் பெண்ணாகி நிற்பதைக் காணும் செவிலியின் மனம் இந்த இடத்தில் சரியாகப் பொருந்துகிறது. அப்படியானால் நாம் தாயின் பெருமிதம் என்று வழங்குவது பழைய வகைப்பாட்டில் வியப்பின் பக்கம் சேரும், தற்பெருமையின் பக்கம் சேராது.

5. ஆண்கள் சொல்லும் ஆறுதல்

கலித்தொகையின் 9ஆம் பாடலில் மகளைத் தேடிப் போகும் செவிலி, குடையும் முக்கோலும் ஏந்தி எதிரே வரும் அந்தணரிடம் அவளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் அறிவுரை கூறுகிறார்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசிக்கொள்பவருக்கே பயன்படும், மலைக்கு என்ன பயன்? முத்து நீரில் பிறந்தாலும் அணிபவருக்கே. இசை யாழில் பிறந்தாலும் கேட்பவருக்கே. மகளும் உனக்கு அப்படித்தான். பாடல் அவர்கள் பேச்சோடு முடிகிறது. அதைக் கேட்ட செவிலி என்ன சொன்னாள் என்பதற்கு அங்கே இடம் இல்லை.

இதே காட்சி இருபதாம் நூற்றாண்டில் ராமேஸ்வரத்தில் ஒரு வீட்டில் நிகழ்ந்திருக்கிறது. ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’, அவர் மேற்படிப்புக்காக ராமநாதபுரத்தில் உள்ள ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போக விரும்பியதைச் சொல்கிறது. தந்தை சம்மதிக்கிறார். தயங்கிய தாய்க்கு, பிள்ளைகள் பெற்றோருக்கு உரியவர்கள் அல்லர் என்ற கருத்தில் கலீல் கிப்ரான் எழுதியதைச் சொல்லித் தேற்றுகிறார். அந்தணர் சொன்னதும் கிப்ரானின் கருத்தும் ஏறக்குறைய ஒன்றே. சொல்பவர் ஆண், கேட்பவர் பெண் என்பதும் ஒன்றே. இரண்டு இடத்திலும் அவள் தயக்கம் ஓர் அறியாமையைப் போலவும், அதைத் திருத்த ஞானம் தேவைப்படுவதைப் போலவும் காட்டப்படுகிறது. அந்தத் தயக்கத்துக்குள் இருந்த கணக்கை, அதாவது யார் சமைத்துப் போடுவார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகளை, யாரும் பதிவு செய்யவில்லை.

அந்தக் கணக்கைப் பாட்டாக்கியவர் ஒருவர் இருக்கிறார். பெரியாழ்வார் தம் திருமொழியின் மூன்றாம் பத்தில், திருமாலோடு போய்விட்ட மகளை எண்ணும் தாயின் குரலில் பாடுகிறார். புகுந்த வீட்டில் அவளுக்கு மரியாதை கிடைக்குமா, மாமியார் அசோதை மகிழ்ந்து ஏற்றுக்கொள்வாளா, தயிர் கடையும் கயிற்றை இழுத்துக் கை காய்ப்பேறிவிடுமா என்று அவள் கேட்டுக்கொண்டே போகிறாள். உலகெங்கும் பேர் சொல்ல வளர்த்தேன் என்ற பெருமையும் அந்தக் கவலைகளுக்கு நடுவிலேயே வருகிறது. அதே பெரியாழ்வாரின் கண்ணன் பாடல்களைத் தன் முன்னோடியாகக் கொண்ட பிள்ளைத்தமிழோ, காப்பில் தொடங்கிச் சிறுதேரிலோ ஊசலிலோ நின்றுவிடுகிறது. பிள்ளையைப் பாடுவதற்கென்றே தமிழ் உண்டாக்கிய அந்த வகை, பிள்ளை வாசல் தாண்டும் நாள் வரை போகவில்லை.

6. வீரத்தாயின் விலை

அம்பை என்ற பெயரில் கதைகள் எழுதும் சி. எஸ். லக்ஷ்மி 1990இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரையில், தமிழக அரசியல் தாயின் உருவத்தை எவ்வாறு கையாண்டது என்பதை ஆராய்ந்தார். தாயை உயர்த்திப் பேசும் அரசியல் பெண்ணுக்கு என்ன செய்தது என்ற அவர் கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. அதோடு நான் சேர்க்க விரும்புவது ஒன்று: அந்த அரசியல் தாயின் கண்ணையும் எடுத்துக்கொண்டது. மகன் வீரன் என்று இயக்கமோ அரசோ அறிவித்துவிடும், அவள் கேட்டு நிமிர வேண்டும்.

ஈழத்தில் இந்த வீரத்தாய் பாட்டோடு நின்றுவிடவில்லை. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது, ராணுவம் பிடித்துச் சென்ற பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் தெருவில் இறங்கியபோது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்டது. உன் மகன் எங்கே என்று புறநானூற்றில் தாயைப் பார்த்து ஒருவர் கேட்டார். இங்கே தாய் அரசைப் பார்த்துக் கேட்கிறாள். வீரத்தாய் என்ற பட்டம் இவர்களுக்கு விடையாகாது. 278ஆம் பாடலின் முதியவளுக்குக் களத்தில் புரட்டிப் பார்க்க ஓர் உடலாவது இருந்தது.

7. மூன்றாவது வாசல்

மகனுக்குக் களம், மகளுக்குக் கணவன் வீடு என்று பழைய இலக்கியம் காட்டிய இரண்டு வாசல்களுக்கு வெளியே, கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் இன்னொரு வாசல் அகலத் திறந்திருக்கிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமான மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். ஊரில் கல்லூரி இல்லாத பிள்ளைகளுக்கு இதன் பொருள் விடுதி.

மாற்றத்தின் தடம் அரசின் திட்டங்களிலேயே தெரிகிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியது ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவி. பின்னர் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. 2022இல் அதே பெயரிலான திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக, ‘புதுமைப் பெண்’ என்று மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே போகிறது. மகள் வீட்டை விட்டுப் போவதற்கு அரசு பணம் கொடுத்தது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எங்கே போவதற்கு என்பதுதான் மாறியிருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணின் பெயர் திருமணத்தைவிடப் படிப்புக்கே பொருந்தும் என்று நான் கருதுகிறேன்.

இந்த வாசலில் நிற்கும் தாயின் நிலை புதியது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் தாய்க்கு மகள் படிக்கும் பாடத்தின் பெயர்கூட வாயில் நுழையாமல் இருக்கலாம். மதிப்பெண் பட்டியலை அவளால் சோதிக்க முடியாது. நல்ல கல்லூரி, நல்ல வேலை என்று பிறர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். பரிமேலழகர் சொன்ன நிலைக்கு அவளைக் கல்வியின் ஏற்றத்தாழ்வு மறுபடி தள்ளிவிட்டது போலத் தோன்றும். ஆனால் விடுமுறைக்கு வந்த மகளை அவள் பார்க்கும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கும். பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே இளைத்திருக்கிறாளா என்று பார்க்கிறாள். பிறகு அப்பாவிடம் அவள் குரல் எப்படி மாறியிருக்கிறது, வங்கிப் படிவத்தை எப்படி நிரப்புகிறாள், மாமன்காரன் சம்பந்தம் பேசினால் எப்படி மறுத்துப் பேசுகிறாள் என்று பார்க்கிறாள். “எங்கதான் கத்துக்கிட்டாளோ” என்று சொல்கிறாள். நற்றிணைச் செவிலி திகைத்ததும் இதே இடத்தில்தான். பட்டினியைப் பொறுத்துக்கொண்ட மகளைக் கண்டு அவள் வியந்தாள். எதிர்த்துப் பேசும் மகளைக் கண்டு இவள் வியக்கிறாள்.

இந்தத் தாயைப் பற்றி எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் பிள்ளைகளின் எழுத்து. ‘அக்னிச் சிறகுகள்’ மகன் சொன்னது. பெருமாள்முருகன் தம் தாயைப் பற்றி எழுதிய கட்டுரைகளின் தொகுப்பான ‘தோன்றாத் துணை’யும் மகன் எழுதியதுதான். மாசாத்தியாரும் நச்செள்ளையாரும் காவற்பெண்டும் பெண்களாக இருந்து தாயைப் பாடிய மரபில் இது ஒரு பெரிய வெற்றிடம். ‘புதுமைப் பெண்’ போன்ற திட்டங்களின் பயனை அளக்கச் சேர்க்கை எண்ணிக்கையும் தேர்ச்சி விகிதமும் எடுக்கப்படும்போது, அந்த மாணவிகளின் தாய்மாரிடமும் போக வேண்டும். உங்களுக்குப் பெருமையாக இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். முதல் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது மகளிடம் எதைப் புதிதாகக் கண்டீர்கள், அதில் எது உங்களுக்குப் பிடித்தது, எது பயமாக இருந்தது என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.